எல்லாரும் இருபது மூச்சு விட்ட வார்டு

ஆண்கள் பொது வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் பதினாறு பதினாறாக. கதவருகே ஒரு மேசை. அந்த மேசைக்குப் பொறுப்பானவரை வார்டில் எல்லாரும் பெரிய சிஸ்டர் என்றார்கள். ஆள் உயரத்தில் சிறியவர். பெரிய என்பது பதவியைக் குறித்தது. இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்து, முப்பத்து மூன்று வருடங்களில் ஏழு வார்டுகளைப் பார்த்துவிட்டு, கடைசி ஒன்பது வருடங்களாக இங்கே இருந்தார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். அதிகம் பேசமாட்டார். ஊசி போடும்போது மட்டும் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பார். உங்க முதல் வாத்தியார் பேரு என்ன என்பதுபோல் ஏதாவது. அவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும்.

நல்ல நர்ஸ் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரில் தவறில்லை. அப்படிப்பட்டவர் முப்பது வருடத்துக்கும் மேலாக, நாளும் தவறாமல் செய்துவந்த ஒரு பிழையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு அட்டை தொங்கும். காலை எட்டு, மாலை நான்கு, நள்ளிரவு பன்னிரண்டு என்று மூன்று வேளையும் அதில் நான்கு எண்களை எழுத வேண்டும்: காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. முதல் மூன்றுக்கும் கருவி உண்டு. மாட்டினால் எண்ணைக் காட்டிவிடும். மூச்சுக்கு அந்த வார்டில் கருவி கிடையாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுவது முறை. பயிற்சியின் முதல் மாதத்தில் கற்றுக்கொடுக்கிற பாடம் இது. வேலைக்கு வந்த முதல் மாதத்தில் கைவிடுகிற பாடமும் இதுதான். முப்பத்திரண்டு பேர் என்றால் முப்பத்திரண்டு நிமிடம். வேளைக்கு இரண்டே நர்ஸ்கள். அந்த நேரத்தில் மருந்து தர வேண்டும், சலைன் மாற்ற வேண்டும், கழிப்பறைக்குப் போக முடியாதவரைத் தூக்க வேண்டும்.

அதனால் இருபது என்று எழுதினார்கள். நன்றாக இருக்கிற மனிதர் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு விடுவார். இருபது என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பொய் என்றால் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும். இங்கே அது இல்லை. எழுதியவர் அதை நம்பவில்லை; படித்த டாக்டரும் நம்பவில்லை; நம்பவில்லை என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். யாரும் நம்பாத ஒரு எண் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று தோன்றும். உண்மையான எண் வந்து உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது என்பது தோன்றாது.

பதினோராம் கட்டிலுக்கு ஒரு டாக்ஸி ஓட்டுநர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சிறுநீரகத்தில் கல், அதனால் காய்ச்சல். கல்யாணம் ஆகாதவர். கூட இருந்தது அவருடைய அக்கா. அவர் துணி ஆலையில் தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கிறவர். ஒரு விரற்கடைக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே வேலை. குறைந்தால் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்தாறு வருடமாக எண்ணி எண்ணி, சும்மா உட்கார்ந்தால் எதையாவது எண்ணுகிற வழக்கம் வந்துவிட்டது. வார்டில் உள்ள ஜன்னல் கம்பிகளை முதல் நாளே எண்ணிவிட்டதாகத் தம்பி கேலி செய்தார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி அட்டையைப் பெரிய சிஸ்டரே எழுதினார். காய்ச்சல் கொஞ்சம், நாடி சற்று வேகம், ரத்த அழுத்தம் சரி, மூச்சு இருபது. பத்து மணிக்கு அந்த அக்கா மேசையருகே வந்து நின்றார். யாரையும் குறை சொல்கிற முகம் இல்லை அது. வழி கேட்கிற முகம்.

“சும்மா உட்கார்ந்திருக்கேனேன்னு அவன் மூச்ச எண்ணிப் பார்த்தேன் சிஸ்டர். முப்பத்திநாலு வருது. அது சரிதானா?”

பெரிய சிஸ்டர் எழுந்து போனார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்தார், நன்றாகவே காட்டியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். டாக்ஸிக்காரர் சிரித்து, அக்கா மீட்டர் போட்டுட்டா சிஸ்டர், நிறுத்தவே மாட்டா என்றார். பேச்சுக்கு நடுவே ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். மெஷின்ல எல்லாம் நல்லா இருக்குக்கா, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு, இருபத்தேழாம் கட்டிலில் யாரோ கூப்பிட்டதால் பெரிய சிஸ்டர் அங்கே போய்விட்டார்.

நான்கு மணிக்கு மறுபடி அளந்தபோது ரத்த அழுத்தம் விழுந்துபோயிருந்தது. தள்ளுவண்டியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அங்கே மூன்றாம் நாள் காலை அவர் இறந்துபோனார்.

அன்று மத்தியானம் அக்கா வார்டில் விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்தார். ஒரு பை, சவரப் பெட்டி, போர்வை. செருப்பில் ஒன்றைக் காணோம். அதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை. பெரிய சிஸ்டர் தரையில் முட்டி போட்டுத் தேடினார். பத்தாம் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகக் கிடந்தது. எடுத்துக் கையில் கொடுத்தார். அக்கா ஜோடி சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எட்டு மணிக்கு எண்ணியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. பத்து மணிக்கு எண்ணியிருந்தால்? அதுவும் தெரியாது. டாக்டர்களும் தெரியாது என்றுதான் சொன்னார்கள். இந்தத் தெரியாது என்ற சொல் சிலருக்கு ஆறுதல் தரும். பெரிய சிஸ்டருக்கு அது தரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைத் தெரியாததாக்கியது தன் கை என்று அவருக்குப் பட்டது.

மறு வாரம் மூன்று மத்தியானங்கள், சாப்பிடுகிற நேரத்தில் பதிவறைக்குப் போய் உட்கார்ந்து, ஆறு மாதத்து அட்டைகளைப் புரட்டினார். இருபது, இருபது, இருபது. நடுநடுவே யாரோ மனம் உறுத்திப் பதினெட்டு என்று எழுதியிருந்தார்கள். எக்ஸ்ரேக்குப் போய்க் கட்டிலில் இல்லாதவருக்கும் இருபது. ஒருவர் மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். மாலை நான்கு மணிக்கு அவருக்கும் இருபது.

அந்த அட்டையை எடுத்துவந்து தன் சக நர்ஸிடம் காட்டினார். ஓயாத பேச்சுக்காக அவருக்கு வார்டில் ரேடியோ என்று பெயர். பெரிய சிஸ்டரைவிட நாலு வருடம் இளையவர். ரேடியோ அட்டையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“பாருங்கக்கா, வீட்டுக்குப் போன பிறகும் நமக்காக மூச்சு விட்டிருக்கார். நல்ல மனுஷன்.”

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. இனிமேல் எண்ணித்தான் எழுத வேண்டும் என்றார். ரேடியோ முதலில் வேடிக்கையாகவும் பிறகு கோபமாகவும் மறுத்தார். கால் வீக்கத்தைக் காட்டினார், ஆள் பற்றாக்குறையைச் சொன்னார். இத்தனை வருடமாக இருபது போட்டு யார் செத்துப்போனார்கள் என்று கேட்டார். கேட்ட பிறகு அவர் கண் தானாகப் பதினோராம் கட்டில் பக்கம் போயிற்று. அன்று சாயங்காலம் வரை ரேடியோ பேசவில்லை. வார்டில் இருந்த நோயாளிகள் சிஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

எண்ணுவதென்றால் நேரம் வேண்டும். பெரிய சிஸ்டர் மற்றவர்களை எண்ணச் சொல்வதற்கு முன்னால் நேரத்தைத் தேடினார். இரண்டு வாரம், யார் என்ன வேலையை எத்தனை நிமிடம் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அதில் ஒரு வேலை கண்ணை உறுத்தியது. டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டுப் போனதும், அவர் நோயாளியின் தாளில் எழுதியதையெல்லாம் ஒரு நர்ஸ் ரவுண்டு நோட்டு என்ற பெரிய நோட்டில் திரும்ப எழுதுவார். நாளுக்கு நாற்பது நிமிடம். அந்த நோட்டு வாரம் ஒருமுறை நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரனின் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்தாகி வரும். ஏன் எழுதுகிறோம் என்று கேட்டதற்கு, எப்போதும் எழுதுகிறோமே என்று பதில் வந்தது.

பெரிய சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். அவரிடம் யாரும் எதிர்பார்க்காத குறும்பு அது. பத்து நாள், ஒவ்வொரு நாள் பக்கத்தின் கடைசியிலும் ஒரு வரி சேர்த்தார்: இதைப் படிப்பவர் வார்டுக்கு வந்தால் என் செலவில் ஒரு டீ. நோட்டு இரண்டு முறை போய் இரண்டு முறை கையெழுத்துடன் வந்தது. டீ கேட்டு யாரும் வரவில்லை. பதினோராம் நாள் ரவுண்டு நோட்டை அலமாரியில் வைத்துவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

அந்த நாற்பது நிமிடத்தை வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். முதலில் காலை வேளை மட்டும். பிறகு, மற்ற வேலைகளிலும் நிமிடங்களை மிச்சம் பிடித்து, மூன்று வேளையும். இருபத்து நாலுக்கு மேல் போனால், சற்று நேரம் கழித்து இன்னொருவர் எண்ண வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். எண்ணுகிறவரை அந்த ஒரு நிமிடத்துக்கு யாரும் கூப்பிடக் கூடாது. மற்றவையெல்லாம் எளிதாக நடந்தன. இந்தக் கடைசி விதிதான் கஷ்டமாக இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால், சும்மா நிற்கிறாள் என்று எல்லாருக்கும் தோன்றிவிடுகிறது.

அட்டைகள் மாறின. பதினாறு, இருபத்து மூன்று, பத்தொன்பது, முப்பத்தொன்று. நிஜமாகவே இருபது வந்தால் எழுதக் கூச்சப்பட்டார்கள். ஒரு நர்ஸ் ஒருவருக்கு மூன்று முறை எண்ணி, மூன்று முறையும் இருபதே வந்து, யாரும் நம்பமாட்டார்கள் என்று பெரிய சிஸ்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ரேடியோ கடைசிவரை நீங்கள் சொன்னது சரி என்று சொல்லவில்லை. ஒருநாள் நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்றைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

டாக்டர்களுக்குத்தான் தொந்தரவு. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும் அழைப்பு ஒன்பது, பத்து என்று ஆனது. சில அழைப்புகள் வீண். பயத்தில் மூச்சு வாங்கியவர்கள், படியேறி வந்து படுத்தவர்கள். சில வீண் இல்லை. உங்க வார்டுல மட்டும் ஏன் சிஸ்டர் எல்லாருக்கும் மூச்சு வாங்குது என்று ஒரு டாக்டர் சலித்துக்கொண்டார். எங்க வார்டுல மட்டும்தான் டாக்டர் எல்லாரும் மூச்சு விடறாங்க என்றார் ரேடியோ.

நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு மேட்ரன் கூப்பிட்டனுப்பினார்.

மேட்ரனும் பெரிய சிஸ்டரும் ஒரே விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். மேட்ரன் ஒரு வருடம் மூத்தவர். நாலு பேர் முன்னால் நீங்க, மேடம். கதவைச் சாத்தினால் நீ, அக்கா. அன்று கதவு சாத்தியிருந்தது. மேசைமேல், வார்டு அலமாரியிலிருந்து வரவழைத்த ரவுண்டு நோட்டு திறந்து கிடந்தது.

“எனக்குப் பத்து டீ பாக்கி இருக்கு. அத விடு. இத யார கேட்டு நிறுத்தின?”

பெரிய சிஸ்டர் காரணத்தைச் சொன்னார். மேட்ரன் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். எல்லா வார்டுகளையும் ஒப்பிட்ட கணக்கு அது. மற்ற வார்டுகளில் நோயாளிகள் போன வருடத்தைப்போலவே இருபது மூச்சு விட்டார்கள். ஆண்கள் பொது வார்டில் மட்டும் நிலைமை மோசமாகியிருந்தது. மூச்சு வாங்குகிறவர்கள் நாலு மடங்கு, டாக்டர் அழைப்பு ஐந்து மடங்கு. தலைமை மருத்துவர் வியாழக்கிழமை கூட்டத்தில் விளக்கம் கேட்கப்போகிறார்.

மேட்ரன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இந்தப் பருவத்தில் சளிக் காய்ச்சல் அதிகம், அதனால் அப்படி என்று சொல்லிவிடலாம். எண்ணுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம். நோட்டு விஷயத்தை மேட்ரனே பார்த்துக்கொள்வார். இன்னொன்று, உண்மையைச் சொல்வது. இப்போதைய எண்கள் சரி என்று சொன்னால் பழைய எண்கள் பொய் என்று ஆகும். பழைய எண்கள் பொய் என்றால் பதினோராம் கட்டிலின் அட்டையும் பொய். அதில் இருப்பது யார் கையெழுத்து?

“மூணு வருஷம்தான் இருக்கு உனக்கு. இன்சார்ஜாவே இருந்து கௌரவமா வெளியே போ. எண்ணினதுக்காக யாரும் உனக்கு மாலை போடப்போறதில்ல.”

மேட்ரன் சொன்னது தப்பான யோசனை இல்லை. அக்கறையிலிருந்து வந்தது. ஒரு தவறு நீடித்து நிற்பதற்குக் கெட்டவர்களைவிட அக்கறை உள்ளவர்களே அதிகம் உதவுகிறார்கள் என்று எனக்குப் பல சமயம் தோன்றியிருக்கிறது.

அன்று மாலை வீட்டில் பெரிய சிஸ்டர் நடந்ததைக் கணவரிடம் சொன்னார். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை வீட்டில் இன்சார்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, நாங்களும் அப்படித்தான் என்றார். வீடு பூட்டியிருந்தால் போன மாத அளவைப் பார்த்து ஒரு அளவு போட்டுவிட்டு வந்துவிடுவார்களாம். நாய் இருக்கிற வீட்டுக்கும் அதே முறைதானாம். ஒரு வீட்டில் நாய் செத்து மூன்று வருடம் ஆன பிறகுதான் தனக்குத் தெரியவந்தது என்றார்.

“அப்ப நான் செஞ்சது தப்பில்லங்கறீங்களா?”

“அதச் சொல்லல. நான் தப்பா எழுதினா அடுத்த மாசம் கதவு திறந்திருக்கறப்ப மீட்டரே என்னைத் திருத்திடும். நீ எழுதினத எது திருத்தும்?”

கணவர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். பிறகு அவர், இன்சார்ஜ் இல்லேன்னா உன்ன என்னன்னு கூப்பிடறது, அதான் எனக்குக் கவலை என்றார். வெங்காயத்தைக் கொண்டாங்க முதல்ல என்றார் பெரிய சிஸ்டர்.

வியாழக்கிழமை கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். தலைமை மருத்துவர் கணக்குத் தாளைப் படித்துவிட்டு, உங்கள் வார்டு ஏன் இவ்வளவு மோசமாகிவிட்டது என்று பெரிய சிஸ்டரைக் கேட்டார். குரலில் கடுமை இல்லை. மேட்ரன் ஜன்னலைப் பார்த்தார்.

“மோசமாகல சார். இப்ப எண்ணறோம். முன்னாடி எண்ணல.”

“முன்னாடின்னா?”

“எல்லாம்தான் சார். நான் வேலைக்கு வந்ததிலிருந்து. பதினோராம் கட்டில்காரர் அட்டையில எட்டு மணிக்கு இருபதுன்னு இருக்கே, அது நான் எழுதினது. நான் எண்ணல. பத்து மணிக்கு அவங்க அக்கா எண்ணிட்டு வந்து முப்பத்திநாலுன்னு சொன்னாங்க. அப்பவும் எண்ணல.”

தலைமை மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். இதைக் கூட்டக் குறிப்பில் எழுதினால் திரும்ப எடுக்க முடியாது, அந்தக் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன், எழுதுங்கள் என்றார் பெரிய சிஸ்டர். ஒன்று மட்டும் கேட்டார். குடும்பத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம், நானே சொல்கிறேன் என்றார்.

சனிக்கிழமை, ஆலைக்கு விடுமுறை நாள், டாக்ஸிக்காரரின் அக்கா சொல்லியனுப்பியபடி வந்தார். மேட்ரன் தன் அறையைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். பெரிய சிஸ்டர் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். நீங்கள் எண்ணியது சரி. நான் எழுதியது எண்ணாமல் எழுதியது. எண்ணியிருந்தால் தம்பி பிழைத்திருப்பாரா என்பது தெரியவில்லை. சில மணி நேரம் முன்னதாகத் தெரிந்திருக்கும். அது மட்டும் நிச்சயம்.

அக்கா மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். திட்டுவார், அழுவார் என்று பெரிய சிஸ்டர் தயாராக இருந்தார். அவர் சொன்னது வேறு.

“அப்ப நான் இன்னொரு தடவ வந்து கேட்டிருக்கணும். மெஷின்ல நல்லா இருக்குன்னு சொன்னதும் பேசாம போய் உட்கார்ந்துட்டேன். சட்டையா இருந்தா விட்டிருக்கமாட்டேன்.”

இத்தனை மாதமும் பெரிய சிஸ்டர் தன் பங்கை மட்டுமே எடைபோட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாரத்தில் ஒரு பகுதி இன்னொருத்தி தலையில் ஏறியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

“நீங்க ஒரு தடவ கேட்டதே போதும்கா. ஒரு தடவைக்கு மேல கேட்க வைக்கறது எங்க தப்பு. இத நீங்க எடுத்துட்டுப் போகாதீங்க.”

இதை எழுதித் தருவீர்களா என்று அக்கா கேட்டார். பெரிய சிஸ்டர் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அக்கா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ சொல்லவில்லை. வாசலில் நின்று, பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரத்தில் அவருடைய புகார் வந்தது. நான்கே வரி. நடந்ததைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. புகார் கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது, கொடுத்தார். பெரிய சிஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

முடிவு ஒரு திங்கட்கிழமை இரண்டு உறைகளில் வந்தது. முதல் உறை பெரிய சிஸ்டருக்கு. கண்டனக் கடிதம், வார்டுப் பொறுப்பிலிருந்து விடுவிப்பு, ஓய்வு பெறும்வரை சாதாரண நர்ஸாகவே பணி. இரண்டாவது எல்லா வார்டுகளுக்குமான சுற்றறிக்கை. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுத வேண்டும், இருபத்து நாலுக்கு மேல் போனால் டாக்டரை அழைக்க வேண்டும், அதற்கு நேரம் கிடைப்பதற்காக ரவுண்டு நோட்டு நிறுத்தப்படுகிறது. இது யாருடைய யோசனை என்று அதில் இல்லை. சுற்றறிக்கைகளில் அப்படி இருப்பதில்லை.

ஆண்கள் பொது வார்டின் புதிய பொறுப்பு ரேடியோவுக்குக் கிடைத்தது. முதல் நாள் காலையில் அவர் அந்த மேசையில் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே வேலையைப் பிரித்தார். ஒன்றிலிருந்து பதினாறு வரை அக்கா என்று சொல்லும்போது கையிலிருந்த தாளையே பார்த்தார். சரிங்க இன்சார்ஜ் என்றார் பெரிய சிஸ்டர். கேலி செய்யாதீங்கக்கா என்று ரேடியோ அழாத குறையாகச் சொன்னார். பதவி போன பிறகும் வார்டில் அவருக்குப் பெரிய சிஸ்டர் என்ற பேரே நின்றது. கணவரும் வீட்டில் இன்சார்ஜம்மாவை மாற்றவில்லை.

பொறுப்பு போனதில் அவருக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் சில வாரம் அவர் முகம் இறுகிக்கிடந்தது. ஒப்புக்கொண்டதற்காக ஒரு நாள்கூட வருந்தவில்லை என்று மட்டும் சொன்னார். அதை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

புதிய பொறுப்பாளரிடம் அவர் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அட்டையில் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: கூட இருப்பவர் சொன்னது. நோயாளியின் மனைவியோ மகனோ அக்காவோ, இவர் இன்று வேறு மாதிரி இருக்கிறார் என்று ஒரு தடவை சொன்னால் போதும். சொன்னதை அப்படியே எழுதி, உடனே போய் எண்ண வேண்டும். ரேடியோ ஸ்கேல் வைத்து முப்பத்திரண்டு அட்டைகளிலும் கோடு போட்டார். பிறகு அச்சடித்தே வந்தது.

முதல் வாரம் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. சொல்லலாமா கூடாதா என்று தயங்கினார்கள். சொன்ன ஒருவர், கஞ்சி சூடாக இல்லை என்றார். அதையும் எழுதினார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு முற்பகல், ஐந்தாம் கட்டிலில் இருந்த பெரியவரின் மனைவி பெரிய சிஸ்டரை நிறுத்தினார். பெரியவருக்குக் காலில் புண்; ஆறிக்கொண்டு வந்தது; நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு மெதுவாகச் சொன்னார்.

“காலையிலேர்ந்து இவர் என்கூட ஒரு சண்டையும் போடலம்மா.”

பெரிய சிஸ்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு. சற்றுப் பொறுத்து ரேடியோவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். இருபத்தொன்பது. டாக்டருக்கு ஃபோன் போயிற்று. அவர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் பெரிய சிஸ்டர் அட்டையை எடுத்து, புதிய கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ரேடியோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அக்கா, சண்டை போடலன்னு எழுதியிருக்கீங்க. டாக்டர் பார்த்தா சிரிப்பார்.”

“சிரிக்கட்டும். முதல்ல அவரப் பார்த்துட்டு, அப்புறம் சிரிக்கட்டும்” என்றார் பெரிய சிஸ்டர். எழுதியதைச் சரிபார்த்து, நேரம் குறித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.